தாயின் பெயரைப் பிடித்துத் தேடுங்கள்

வணக்கம், நேயர்களே.

வேதியியல் படித்தவர்கள் ஐரிங் சமன்பாடு என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒரு வேதிவினை எவ்வளவு வேகமாக நடக்கும் என்று கணக்கிடுவதற்கு 1935-இல் வந்த சமன்பாடு அது. அதை எழுதிய ஹென்றி ஐரிங்கை அமெரிக்க விஞ்ஞானி என்றுதான் சொல்வார்கள். அவர் பிறந்தது 1901-இல், மெக்சிகோவின் சிவாவா மாநிலத்தில், கொலோனியா ஹுவாரெஸ் என்ற சின்ன ஊரில். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் கொலோனியா டுப்லான் என்று இன்னொரு ஊர். 1907-இல் அங்கே பிறந்த ஒரு குழந்தை பின்னாளில் மிச்சிகன் மாநில ஆளுநராகி, 1968 அமெரிக்க அதிபர் தேர்தலுக்குக் குடியரசுக் கட்சி வேட்பாளராகவும் முயன்றது. அவர்தான் ஜார்ஜ் ரோம்னி. 2012-இல் ஒபாமாவை எதிர்த்து நின்றாரே மிட் ரோம்னி, அவருடைய அப்பா.

இந்த இரண்டு பேருக்கும் தாத்தா ஒருவரே. மைல்ஸ் பார்க் ரோம்னி என்று பெயர். பாட்டிமார்தான் வேறு வேறு.

நான் கனடாவின் கால்கரியில் ஒரு நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். குடும்ப வரலாறு தேடி வருபவர்களுக்கு உதவுகிற மேசையில்தான் என் காலம் பெரும்பாலும் கழிந்தது. நம் ஊரிலிருந்து தெற்கே இரண்டரை மணி நேரம் காரோட்டினால் கார்ட்ஸ்டன் வந்துவிடும். நான் சொன்ன இரண்டு மெக்சிகோ ஊர்களைப் போல அதுவும் மோர்மன்கள், அதாவது அமெரிக்காவில் தோன்றிய ஒரு சபையினர், குடியேறிய ஊர்தான். அந்தப் பக்கத்துக் குடும்பங்கள் நிறையப் பேர் என்னிடம் வந்திருக்கிறார்கள். அவர்களோடு உட்கார்ந்து பழைய ஏடுகளைப் புரட்டிப் புரட்டித்தான் பல மனைவியர் இருந்த குடும்பங்களில் வம்சத்தைத் தாயின் பெயரைப் பிடித்துத் தேட வேண்டும் என்பது எனக்குப் பிடிபட்டது. இந்த வானொலியில் இதைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்ததில் எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி.

முதலில், இவர்கள் ஏன் மெக்சிகோவுக்குப் போனார்கள் என்று பார்க்கலாம். மோர்மன் சபை 1830-இல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் தொடங்கியது. ஊர் ஊராகத் துரத்தப்பட்டு, 1847-இல் யூட்டாவில் வந்து நிலைத்தார்கள். ஓர் ஆண் பல பெண்களை மணப்பது தங்கள் மத வழக்கம் என்று 1852-இல் வெளிப்படையாகவே அறிவித்தார்கள். அமெரிக்க அரசு அதை விடவில்லை. 1882-இல் எட்மண்ட்ஸ் சட்டம் வந்தது. அதில் ஒரு நுணுக்கம் உண்டு. இரண்டாம் திருமணம் நடந்ததற்குச் சாட்சி கிடைப்பது கடினம் என்பதால், ஒருவன் ஒன்றுக்கு மேற்பட்ட பெண்களோடு குடித்தனம் நடத்தினாலே குற்றம் என்று வைத்துவிட்டார்கள். ஆறு மாதம் வரை சிறை, 300 டாலர் வரை அபராதம். 1887-இல் வந்த அடுத்த சட்டம் இன்னும் கடுமையானது. சபையின் சொத்தில் கைவைத்தது, யூட்டா பெண்களின் வாக்குரிமையைப் பறித்தது, ஒவ்வொரு திருமணத்தையும் நீதிமன்றத்தில் பதிவு செய்யச் சொன்னது.

வம்சம் தேடுபவர்கள் இங்கேதான் கவனிக்க வேண்டும். எழுத்தில் வந்தால் சிறை என்றான பிறகு யார் எழுதி வைப்பார்கள்? இரண்டாம், மூன்றாம் மனைவிமார் ஊர் மாறினார்கள். வேறு பெயரில் வாழ்ந்தார்கள். கூட்டாட்சி போலீஸ் வருகிறது என்று தெரிந்தால் கர்ப்பிணிகூட நள்ளிரவில் வண்டி ஏறினாள். அப்பா யார் என்று யார் கேட்டாலும் சொல்லக்கூடாது என்று பிள்ளைகளைப் பழக்கினார்கள். அந்தக் காலத்துக் காகிதத்தில் அப்பாவின் பெயர் இல்லையென்றால், அப்பா இல்லை என்று அர்த்தமில்லை. சில சமயம் அவர் அடுத்த தெருவிலேயே இருந்திருப்பார்.

1885-இல் ஒரு கூட்டம் எல்லை தாண்டி சிவாவாவுக்குப் போனது. மாநில ஆளுநர் முதலில் வெளியேறச் சொன்னார். சபைத் தலைவர்கள் மெக்சிகோ நகரம் வரை போய் முறையிட்டபின், அதிபர் போர்பிரியோ டியாஸின் அரசு இருக்க விட்டது. சிவாவாவிலும் சொனோராவிலுமாகப் பல குடியேற்றங்கள் எழுந்தன. கொலோனியா டியாஸ், டுப்லான், ஹுவாரெஸ், மலை மேலே பச்சேக்கோ, கார்சியா, சூய்சூப்பா, சொனோராவில் ஒவாஹாக்கா, மொரேலோஸ். ஹுவாரெஸ்காரர்களுக்கு ஆரம்பமே சோதனை. கட்டிய இடம் தாங்கள் வாங்கிய நிலத்துக்கு வெளியே இருக்கிறது என்று தெரிந்து, ஊரையே மேலே ஒரு குறுகிய பள்ளத்தாக்குக்கு மாற்ற வேண்டியதாயிற்று. தண்ணீர் போதாது என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தபோது, 1887 மே மாதம் சொனோராவை உலுக்கிய பெரிய நிலநடுக்கம் வந்தது. அதன்பின் பியத்ராஸ் வெர்தஸ் ஆற்றில் தண்ணீர் கூடியது என்று அந்த ஊர்க்காரர்கள் இன்றும் நன்றியோடு சொல்வார்கள். அந்தத் தண்ணீரில்தான் ஆப்பிளும் பீச்சும் விளைந்தன.

சரி, ரோம்னி குடும்பத்துக்கு வருவோம். எல்லாம் பொதுவில் இருக்கிற தகவல்தான், அதனால் தயங்காமல் சொல்லலாம்.

மைல்ஸ் பார்க் ரோம்னியின் பெற்றோர் இங்கிலாந்தின் லங்காஷயரிலிருந்து வந்தவர்கள். தச்சு வேலைக் குடும்பம். அவருடைய முதல் மனைவி ஹன்னா ஹூட் ஹில். இவர் பிறந்தது நம் ஒண்டாரியோவில், 1842-இல். கணவர் இன்னொருத்தியை மணக்கப் போகிறார் என்று தெரிந்தபோது தாங்க முடியாமல், நடந்து நடந்து அழுததாக ஹன்னா தன் கைப்பட எழுதி வைத்திருக்கிறார். மத நம்பிக்கையில் உறுதியானவர்தான், பிறகு புது மனைவிக்கு வீட்டில் இடம் செய்து கொடுத்தவரும் அவர்தான். இருந்தும் அந்த அழுகையை மறைக்காமல் எழுதினார். அவருடைய மகன் கேஸ்கல். கேஸ்கலின் மகன்தான் ஆளுநர் ஜார்ஜ்.

மைல்ஸின் இன்னொரு மனைவி கேதரின் காட்டம். யூட்டாவில் இருந்த தன் பெற்றோருக்கு இவர் எழுதிய கடிதங்கள் தப்பிப் பிழைத்து, பின்னாளில் அச்சிலும் வந்தன. கேதரினின் மகள் கேரலைன். அவரை மணந்தவர் எட்வர்ட் ஐரிங், கால்நடை வளர்ப்பவர். இவர்களுக்குப் பிறந்தவர் விஞ்ஞானி ஹென்றி. ஆக, ஹென்றி ஜார்ஜுக்கு அத்தை மகன். ஆனால் அப்பாவும் அத்தையும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இல்லை.

இத்தோடு முடியவில்லை. எட்வர்ட் 1903-இல் கேரலைனின் தங்கை எம்மாவையும் மணந்தார். ஹென்றிக்கு அப்போது இரண்டு வயது. அதற்கு முன்பே, 1897-இல், தாத்தா மைல்ஸ் கடைசியாக ஒரு திருமணம் செய்திருந்தார். பெண் எமிலி, எட்வர்டின் சொந்தச் சகோதரி, கணவனை இழந்தவர். அப்படியென்றால் ஹென்றிக்கு எமிலி அப்பா வழியில் அத்தை, அம்மா வழியில் பாட்டி முறை. ஒரே வரைபடத்தில் இதைப் போட்டுப் பாருங்கள். கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். கணினி நிரல்கள் பல இந்த மாதிரிக் குடும்பத்தில் ஒரே ஆளை இரண்டு ஆளாகக் காட்டிவிடும், அல்லது இரண்டு பெண்களை ஒன்றாக்கிவிடும்.

இந்த 1897, 1903 என்ற வருடங்களைப் பார்த்தீர்களா? சபைத் தலைவர் வில்ஃபர்ட் உட்ரஃப் பலதார மணத்தை நிறுத்தும் அறிவிப்பை வெளியிட்டது 1890-இல். அதன் பிறகும் மெக்சிகோவில் இப்படித் திருமணங்கள் நடந்தன. 1904-இல் அப்போதைய சபைத் தலைவர் ஜோசப் எஃப். ஸ்மித் இரண்டாவது முறையாக அறிவித்து, இனி செய்தால் சபையை விட்டு நீக்கம் என்று சொன்ன பிறகுதான் அது உண்மையாகக் கட்டுக்குள் வந்தது. இடைப்பட்ட காலத்தில் அங்கே சபைப் பொறுப்பில் இருந்த ஆன்டனி ஐவின்ஸ், தான் நடத்திவைத்த திருமணங்களைத் தனியாக ஓர் ஏட்டில் குறித்து வைத்திருந்தார். நல்ல வேளை. இல்லையென்றால் பல பெண்களின் திருமணத்துக்கு ஒரு வரி ஆதாரமும் இருந்திருக்காது. அமெரிக்கச் சட்டம் ஒப்புக்கொள்ளவில்லை, மெக்சிகோ சட்டமும் ஒப்புக்கொள்ளவில்லை, சபையும் பொதுவில் ஒப்புக்கொள்ளவில்லை.

அதனால்தான் என்னிடம் வருகிற எல்லோரிடமும் ஒன்றைச் சொல்வேன். அப்பாவின் குடும்பப் பெயரைப் பிடித்துக்கொண்டு போகாதீர்கள். அம்மாவின் பெயரைப் பிடியுங்கள். அம்மாவின் அம்மா, அவளுடைய பிறந்த வீடு, அவள் எந்த ஊரில் பிள்ளை பெற்றாள், பிரசவத்துக்கு யார் வீட்டுக்குப் போனாள் என்று போங்கள். மறைக்கப்பட்டது கணவன் மனைவி உறவு. தாய் பிள்ளை உறவை மறைக்க யாருக்கும் அவ்வளவாக அவசியம் வரவில்லை.

ஓர் உதாரணம் சொல்கிறேன். பெயர் வேண்டாம். கார்ட்ஸ்டன் பக்கத்திலிருந்து ஒரு மூதாட்டி வந்தார். அவருடைய கொள்ளுப்பாட்டி யூட்டாவில் விதவையாக இருந்தவர், கொள்ளுத்தாத்தாவின் கல்லறை மட்டும் எங்கே தேடியும் கிடைக்கவில்லை என்றார். 1900 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பை எடுத்தோம். அந்த ஆண்டின் படிவம் எனக்கு மிகவும் பிடித்த படிவம். பிறந்த வருடத்தோடு மாதமும் கேட்டிருப்பார்கள். ஒவ்வொரு பெண்ணிடமும் எத்தனை பிள்ளை பெற்றாய், எத்தனை உயிரோடு இருக்கிறது என்று கேட்டு இரண்டு கட்டங்களில் நிரப்பியிருப்பார்கள். கொள்ளுப்பாட்டியின் வரியில் விதவை என்றுதான் இருந்தது. ஆனால் கீழே கடைசிக் குழந்தைக்கு வயது ஒன்று. குடும்பத்தில் சொல்லி வந்த கணக்குப்படி கொள்ளுத்தாத்தா இறந்து ஏழெட்டு வருடம் ஆகியிருக்க வேண்டும். மூதாட்டி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்த வரியை மறுபடி படித்தார். பிறகு 1901 கனடா கணக்கெடுப்பைத் திறந்தோம். அதில் மதம் என்ன என்று ஒரு கட்டம், எந்த வருடம் நாட்டுக்குள் வந்தார் என்று ஒரு கட்டம், பிறந்த தேதியும் உண்டு. அல்பெர்ட்டாவில், அப்போது அது வடமேற்குப் பிரதேசம், கொள்ளுத்தாத்தாவின் அதே பெயர், அதே பிறந்த தேதி, பக்கத்தில் வேறொரு மனைவி, வேறு பிள்ளைகள். அந்தக் கல்லறை மூதாட்டி தினமும் கடந்து போகிற சாலையோரத்து மயானத்திலேயே இருந்தது.

கனடாவில் இது அடிக்கடி நடக்கும். கார்ட்ஸ்டனை 1887-இல் நிறுவிய சார்ல்ஸ் ஓரா கார்ட், சபையை யூட்டாவுக்கு அழைத்து வந்த தலைவர் பிரிகம் யங்கின் மருமகன். அமெரிக்கப் போலீஸ் தேடியபோதுதான் வடக்கே வந்தார். ஏற்கெனவே இருக்கிற மனைவியரை அழைத்து வர அனுமதி தாருங்கள் என்று 1888-இல் பிரதமர் ஜான் ஏ. மக்டொனால்டிடம் கேட்டுப் பார்த்தார்கள். முடியாது என்றுவிட்டார். 1890-இல் கனடா பலதார மணத்துக்கு எதிராகத் தனியாகவே ஒரு சட்டம் போட்டது. ஆக, இங்கே வந்தவர்கள் ஒரு மனைவியோடு வந்தார்கள், மற்றவர் யூட்டாவிலேயே இருந்தார். பாதிக் குடும்பம் இங்கே, பாதி அங்கே. ஒரு நாட்டின் ஏடுகளை மட்டும் பார்த்துவிட்டுக் கதையை முடித்தால் இன்னொரு வீட்டுப் பிள்ளைகள் வரலாற்றிலேயே இல்லாமல் போய்விடுவார்கள். எனக்கு இது வெறும் தகவல் பிழையாகத் தெரியவில்லை. உயிரோடு இருந்த காலத்திலேயே அந்தப் பெண்களுக்கு மனைவி என்ற பெயர் பொதுவில் கிடைக்கவில்லை. பேரப்பிள்ளைகளும் அவர்களை விட்டுவிட்டால் எப்படி?

மெக்சிகோ பக்கம் தேடுபவர்களுக்கு ஒரு பெரிய துணை இருக்கிறது. அந்த நாட்டு அரசு 1859 முதலே பிறப்பு, திருமணம், இறப்புக்குச் சிவில் பதிவேடு வைத்தது. ஸ்பானிய வழக்கப்படி ஒருவருக்கு இரண்டு குடும்பப் பெயர். முதலில் அப்பாவுடையது, அடுத்து அம்மாவுடையது. பல மனைவியர் இருந்த வீட்டுக்கு இதைவிட நல்ல அடையாளம் வேறு இல்லை. எல்லாப் பிள்ளைகளும் ரோம்னிதான், ஆனால் பின்னால் வருகிற பெயர் எந்தத் தாயின் பிள்ளை என்று காட்டிக்கொடுத்துவிடும். பிறப்புப் பதிவில் பல சமயம் தாத்தா பாட்டி நான்கு பேர் பெயரும் இருக்கும், சாட்சிகளின் பெயரும் வயதும்கூட இருக்கும். எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார் என்பதை மட்டும் மறக்கக்கூடாது. ஹென்றி என்ரிக்கே ஆகியிருப்பார், ஜார்ஜ் ஹோர்ஹே ஆகியிருப்பார். ரோம்னி என்பதை எத்தனை விதமாக எழுதலாமோ அத்தனை விதமாகவும் எழுதிப் பார்த்துத் தேட வேண்டும்.

அடுத்து 1912. மெக்சிகோ புரட்சியின் நடுவே, ஒரோஸ்கோ என்ற தலைவரின் கிளர்ச்சிப் படை குடியேறிகளிடம் ஆயுதங்களை ஒப்படைக்கச் சொன்னது. ஜூலை கடைசியில் பெண்களையும் குழந்தைகளையும் ரயிலேற்றி எல்லைக்கு அப்பால் எல் பாசோவுக்கு அனுப்பினார்கள். ஆண்கள் பின்னால் குதிரைகளில் மலை வழியாக நியூமெக்சிகோ போய்ச் சேர்ந்தார்கள். எல் பாசோவில் மரக்கிடங்கு ஒன்றில் குடும்பம் குடும்பமாகத் தங்கினார்கள். ஐந்து வயது ஜார்ஜ் ரோம்னியும் பதினோரு வயது ஹென்றியும் அந்த அகதிக் கூட்டத்தில்தான் வந்தார்கள். ஹென்றியின் அக்கா கமிலாவுக்குப் பதினேழு. கொலோனியா டியாஸ் எரிந்துபோனது. திரும்பிப் போனவர்கள் கொஞ்சம் பேர். ஹுவாரெஸும் டுப்லானும்தான் மோர்மன் ஊர்களாக நிலைத்தன. ஹுவாரெஸில் 1897-இல் தொடங்கிய பள்ளி இன்றும் நடக்கிறது, 1999-இல் ஒரு சின்ன ஆலயமும் கட்டினார்கள்.

அந்த இடப்பெயர்வு குடும்பங்களைச் சிதறடித்தது. ஆனால் தேடுபவர்களுக்குப் புதிய ஏடுகளையும் தந்தது. 1910 முதல் 1920 வரை மெக்சிகோவில் நடந்த இழப்புகளுக்கு நஷ்டஈடு கோர 1923-இல் இரு நாடுகளும் ஓர் ஆணையம் அமைத்தன. அதற்குப் போட்ட மனுக்களில் வீடு, மாடு, வேலி, பழத்தோட்டம் என்று இழந்த ஒவ்வொன்றையும் பட்டியலிட்டிருப்பார்கள். ஒரு குடும்பம் எப்படி வாழ்ந்தது என்று தெரிய வேண்டுமானால் பிறப்புச் சான்றிதழைவிட அந்த மனுக்கள் நிறையச் சொல்லும். அப்புறம், எல் பாசோ வழியாக எல்லை கடந்தவர்களின் அட்டைகள் இருக்கின்றன. சபையே 1914-இலும், 1920 தொடங்கி 1960 வரை 1945 தவிர ஐந்தாண்டுக்கு ஒருமுறையும், தன் உறுப்பினர்களைக் குடும்பவாரியாகக் கணக்கெடுத்து அட்டை எழுதியது. ஒரு குடும்பம் ஊர் மாறிக்கொண்டே போவதை அதில் வரிசையாகப் பார்க்கலாம்.

இந்தச் சபைக்கு வம்சாவளி மீது இத்தனை ஈடுபாடு ஏன் என்று கேட்பீர்கள். இறந்துபோன முன்னோர்களுக்காக வாரிசுகள் ஞானஸ்நானம் பெறலாம், குடும்பத்தை நித்தியத்துக்கும் சேர்த்து வைக்கும் சடங்கைச் செய்யலாம் என்பது அவர்கள் நம்பிக்கை. அதற்கு முன்னோரின் பெயர் தெரிய வேண்டும். 1894-இல் சால்ட் லேக் நகரில் வம்சாவளிச் சங்கம் தொடங்கினார்கள். 1938 முதல் ஊர் ஊராகப் போய் ஏடுகளை மைக்ரோஃபிலிமில் படமெடுத்தார்கள். அவற்றைப் பாதுகாக்க மலையைக் குடைந்து ஒரு பெட்டகமே கட்டினார்கள். 24 லட்சம் சுருள்கள். 2021-இல் அவற்றை டிஜிட்டலாக்கி முடித்தார்கள். சபை நடத்தும் ஃபேமிலிசர்ச் இணையதளத்தில் கணக்குத் தொடங்க ஒரு காசு வேண்டாம், சபையில் சேரவும் வேண்டாம்.

இந்த ஏடுகளில் ஒரு கண்ணி இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. நான் சொன்ன சேர்த்துவைக்கும் சடங்கு இறந்தவர்களுக்கும் நடக்கும். அதனால் ஒரு பெண்ணின் பெயருக்கு எதிரே ஓர் ஆணின் பெயரும் தேதியும் இருந்தால், அது திருமணத் தேதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவள் காலமாகி நாற்பது வருடம் கழித்து யாரோ செய்த சடங்காக இருக்கலாம். அவள் அந்த ஆணோடு ஒரு நாள்கூட வாழாதவளாகவும் இருக்கலாம். சடங்குத் தேதியை அவள் இறந்த தேதியோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே எழுதுங்கள். இந்தச் சடங்கு வெளியாரையும் புண்படுத்தியிருக்கிறது. நாஜிகளிடம் உயிரிழந்த யூதர்களின் பெயர்களைச் சிலர் சேர்த்ததற்கு எதிர்ப்பு எழுந்து, 1995-இல் சபை அதை நிறுத்த ஒப்புக்கொண்டது. உங்கள் சொந்த முன்னோர் அல்லாதவர்களின் பெயரை நீங்களாக எதற்கும் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று, அந்தத் தளத்தில் உள்ள பெரிய குடும்ப மரத்தை யார் வேண்டுமானாலும் திருத்தலாம். ஒருவர் தவறாகச் சேர்த்த தாயை நூறு பேர் அப்படியே எடுத்துக்கொள்வார்கள். மரத்தில் இருப்பதை ஒரு துப்பாக மட்டும் வைத்துக்கொண்டு, மூல ஏட்டின் படத்தைத் திறந்து உங்கள் கண்ணால் படியுங்கள். பக்கத்து வீட்டு வரிகளையும் படியுங்கள். இன்னொரு மனைவி பல சமயம் மூன்று வீடு தள்ளித்தான் இருப்பாள்.

நமக்கும் இதற்கும் தொடர்பே இல்லை என்று நினைக்க வேண்டாம். ரிச்சர்ட் பாலன்டைன் என்ற மோர்மன் ஊழியர் இரண்டு தோழர்களோடு 1853-இல் சென்னைக்கே வந்து பிரசங்கம் செய்து, பத்திரிகை நடத்தியிருக்கிறார். பெரிதாக யாரும் சேரவில்லை. ஆனால் அதே சபையின் படக்கருவி பிற்காலத்தில் ஹரித்துவாரில் பண்டாக்கள் என்ற தீர்த்தப் புரோகிதர்கள் வைத்திருக்கும் யாத்திரைக் குடும்ப ஏடுகளைப் படமெடுத்திருக்கிறது. நம் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு அந்தக் காலத்துச் சென்னை மாகாணத் தேவாலயப் பதிவுகளும் அந்தத் தளத்தில் கிடைக்கும்.

தேட நினைப்பவர்கள் இந்த வாரமே வீட்டில் இருக்கிற மூத்த பெண்மணியிடம் உட்காருங்கள். அவருடைய அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர், பிறந்த ஊர், கூடப் பிறந்தவர்கள் என்று மூன்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதை வைத்துக்கொண்டு பக்கத்தில் அந்தச் சபை நடத்துகிற குடும்ப வரலாற்று மையத்துக்குப் போனால், வீட்டிலிருந்து திறக்க முடியாத சில படங்களையும் அங்கே இலவசமாகப் பார்க்கலாம். சில மையங்களில் முன்கூட்டியே தொலைபேசியில் நேரம் கேட்டுக்கொண்டு போவது நல்லது.

நன்றி. வணக்கம்.